தராசு சாய்வது தவறா?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எதிரணியில் அமர்ந்து என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்புச் சகோதர, சகோதரிகளே! தீர்த்தமலை ஈசன் அருகிருந்து காக்கும் அரூர் நகரத்துப் பெருமக்களே! குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! முதலில் போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வாருங்கள்.

"ஒரு போராட்ட ஊர்வலத்தின் வரலாற்றை எழுதுகிறவருக்கு முதல் தேவை உண்மையா? நடுநிலையா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி நடுநிலைக்காக அழகாக வாதாடிவிட்டு அமர்ந்திருக்கிறார். "போலீஸ் ஒண்ணு சொல்லும், கட்சிக்காரங்க ஒண்ணு சொல்லுவாங்க, எழுதுறவர் ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நன்றாகப் பேசினால் எதிரணிக்கும் கை தட்ட வேண்டும், அதுதான் மேடைப் பண்பு. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். நடுவில் நிற்பது என்றால் எங்கே நிற்பது?

ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தி முடிந்து கணக்குப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார், "எங்க பக்கம் முந்நூறு பேர்தாங்க வந்தோம்" என்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர், "ஐயோ, ஆயிரம் பேர் சாப்பிட்டாங்களே சம்பந்தி" என்று தலையில் கை வைக்கிறார். எதிரணிச் சகோதரி அங்கே இருந்தால் என்ன செய்வார்? ஆயிரத்தையும் முந்நூறையும் கூட்டி, இரண்டால் வகுத்து, "அறுநூற்று ஐம்பது, ரெண்டு பேரும் சமாதானமாப் போங்க" என்பார். இது நடுநிலை! ஆனால் சமையல்காரர் என்ன செய்வார் தெரியுமா? கொல்லைப்புறம் போய் எச்சில் இலையை எண்ணுவார். எண்ணினால் எண்ணூற்று இருபது. அது எந்தப் பக்கமும் சேராத எண். ஆனால் நடுவிலும் இல்லாத எண்! உண்மை எப்போதும் நட்ட நடுவில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா நடுவர் அவர்களே? (கைதட்டல்)

ஊர்வலத்துக்கு இலை போட முடியாதே, எப்படி எண்ணுவது என்பீர்கள். அதற்கும் வழி உண்டு. அமெரிக்காவில் பெர்க்லி என்ற ஊரில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 1960-களில் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்று ஓர் இதழியல் ஆசிரியர். வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் கூட்டம் போடுவார்கள். இவர் மேலே ஜன்னல் வழியாகப் பார்ப்பார். கீழே தளம் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. சில கட்டங்களில் எத்தனை பேர் என்று எண்ணினார். அதிலிருந்து ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார். தாராளமாக நிற்கிற கூட்டத்தில் ஓர் ஆளுக்குப் பத்துச் சதுர அடி. நெருக்கமாக நின்றால் நாலரைச் சதுர அடி. திருவிழா நெரிசல் போல மூச்சு முட்ட நின்றால் இரண்டரைச் சதுர அடி. அவ்வளவுதான்!

இதை நம்ம ஊர்ச் சாலைக்குப் போட்டுப் பாருங்கள். முப்பதடி அகலச் சாலை. ஆயிரம் அடி நீளத்துக்குக் கூட்டம். முப்பதாயிரம் சதுர அடி. தாராளமாக நின்றால் மூவாயிரம் பேர். நெருக்கமாக நின்றால் ஆறாயிரத்து அறுநூறு. மூச்சு முட்ட நின்றால் பன்னிரண்டாயிரம். இந்த இடத்தில் "லட்சம் பேர் திரண்டார்கள்" என்று சுவரொட்டி ஒட்டினால் என்ன பொருள்? ஒருவர் தோள்மேல் ஒருவராக எட்டு அடுக்கு நின்றார்கள் என்று பொருள்! (சிரிப்பு) அதே இடத்தைப் பார்த்துவிட்டு, "சுமார் ஐந்நூறு பேர்" என்று அதிகாரி குறிப்பு எழுதினால்? சாலையில் பெரும்பாலான பேரை அவர் பார்க்கவே இல்லை என்று பொருள். லட்சத்தையும் ஐந்நூறையும் வைத்துக்கொண்டு நடுவைத் தேடினால் ஐம்பதாயிரம் வரும். மூன்றுமே பொய். அடியை அளந்தவன் சொன்னது மட்டும்தான் மெய்யை ஒட்டி நிற்கும்.

எண்ணப் பயந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1995-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் கறுப்பின ஆண்கள் பெருந்திரளாகக் கூடினார்கள். "பத்து லட்சம் ஆண்கள் பேரணி" என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் அங்குள்ள தேசியப் பூங்காத் துறை, "நாலு லட்சம் பேர்" என்று கணக்குச் சொன்னது. பேரணியை நடத்திய லூயிஸ் ஃபராகான் கொதித்துப் போனார். "வழக்குப் போடுவேன்" என்றார். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வானிலிருந்து எடுத்த படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலில் எட்டு லட்சத்து எழுபதாயிரம் என்றார்கள். மறுபடி சரிபார்த்து எட்டு லட்சத்து முப்பத்தேழாயிரம் என்றார்கள். அதோடு நிறுத்தவில்லை. "இதில் நூற்றுக்கு இருபது கூடலாம், குறையலாம்" என்றும் சேர்த்துச் சொன்னார்கள். தன் கணக்கில் எவ்வளவு பிசகு இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறவன்தான் நேர்மையாளன்!

பிறகு என்ன நடந்தது? அடுத்த ஆண்டு அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு முடிவெடுத்தது. அந்தத் துறை இனிமேல் தலைநகரத்துக் கூட்டங்களை எண்ணவே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சண்டை வருகிறதா, எண்ணுவதையே நிறுத்து! எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கியாகிவிட்டது. இதைவிடப் பெரிய நடுநிலை உண்டா? ஆனால் அடுத்த தலைமுறைக்கு என்ன கிடைத்தது? வெறும் காகிதம்.

எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன். தமிழாசிரியன் அல்லவா, சொல்தான் எனக்குச் சோறு. எண்ணிலே பொய் சொன்னால் அளந்து பிடித்துவிடலாம். சொல்லிலே பொய் சொன்னால் பிடிப்பது கஷ்டம். "லேசான தடியடி" என்று செய்தித்தாளில் படிக்கிறோம். தடியடியில் ஏதய்யா லேசு? அடி வாங்கினவனைக் கேட்டால் அல்லவா தெரியும் லேசா, கனமா என்று! "கூட்டம் கலைக்கப்பட்டது" என்கிறோம். பாலில் சர்க்கரை கலக்குகிற மாதிரி எவ்வளவு மென்மையாக இருக்கிறது பாருங்கள்!

இங்கிலாந்தில் மான்செஸ்டர் என்று ஒரு நகரம். பஞ்சாலைகளுக்குப் பேர்போனது. அவ்வளவு பெரிய ஊருக்கு அன்றைக்கு நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினர் கிடையாது. "எங்களுக்கும் பிரதிநிதி வேண்டும்" என்று கேட்டு 1819-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி சுற்று வட்டார ஊர்களிலிருந்து மக்கள் அணி அணியாக நடந்து வந்தார்கள். பெண்கள் வந்தார்கள். பிள்ளை குட்டிகளோடு வந்தார்கள். செயின்ட் பீட்டர்ஸ் திடலில் ஏறக்குறைய அறுபதாயிரம் பேர். ஹென்றி ஹண்ட் என்பவர் பேச எழுந்தார். அவரைப் பிடிக்க நீதிபதிகள் ஆணையிட்டார்கள். குதிரைப்படை வாளை உருவிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தது. குறைந்தது பதினைந்து பேர் செத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காயம்.

மேடையில் இருந்து குறிப்பெடுத்த லண்டன் 'டைம்ஸ்' நிருபரையும் ஹண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது ஜான் எட்வர்ட் டெய்லர் என்கிற உள்ளூர்க்காரர் யோசித்தார். "அதிகாரிகள் சொல்வது மட்டும் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தால் அதுவே வரலாறு ஆகிவிடுமே!" உடனே உட்கார்ந்து நடந்ததை எழுதி அனுப்பினார். அவர்தான் 1821-இல் 'மான்செஸ்டர் கார்டியன்' பத்திரிகையைத் தொடங்கினார். இன்றைக்கும் 'கார்டியன்' என்று வருகிறதே, அதுதான்.

கதை அங்கே முடியவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு நீல நிறப் பலகை வைத்தார்கள். அதில் என்ன எழுதினார்கள்? ஹண்ட் அறுபதாயிரம் பேர் கூடிய கூட்டத்தில் பேசினார். பிறகு ராணுவம் அவர்களைக் கலைத்தது. அவ்வளவுதான்! செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதில் ஒரு வரியாவது பொய்யா? இல்லை. யாரையாவது திட்டினார்களா? இல்லை. எதிரணி கேட்கிற நடுநிலை அந்தப் பலகையில் சொட்டச் சொட்ட இருந்தது! மனசாட்சியுள்ளவர்கள் விடவில்லை. போராடினார்கள். 2007-இல் அதைக் கழற்றிவிட்டுச் சிவப்புப் பலகை வைத்தார்கள். அமைதியாகக் கூடிய ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் ஆயுதமேந்திய குதிரைப்படை தாக்கியது, பதினைந்து பேர் இறந்தார்கள், அறுநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள் என்று அதில் இருக்கிறது. ஒரு சொல்லைத் திருத்த எத்தனை வருஷம் ஆயிற்று! 188 வருஷம்!

"ஐயா, அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை" என்று எதிரணித் தம்பி சிரிக்கிறார். சிரியுங்கள் தம்பி. நம்ம ஊருக்கே வருகிறேன்.

1930, ஏப்ரல் 13. திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் என்ற வெள்ளைக்காரர். "இவர்களுக்குச் சோறு போட்டாலோ, இடம் கொடுத்தாலோ சிறை" என்று அறிவித்தார். நம் மக்கள் என்ன செய்தார்கள்? கையில் கொடுத்தால்தானே குற்றம்? சாப்பாட்டுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்! ஏப்ரல் 28-ஆம் தேதி படை வேதாரண்யம் சேர்ந்தது. 30-ஆம் தேதி உப்பள்ளிய ராஜாஜி கைதானார்.

இப்போது நான் கேட்கிறேன். கலெக்டர் தார்ன் நடுநிலையாளரா? கிடையவே கிடையாது. அவர் பேரரசின் ஆள். ஊர்வலத்தை முறியடிக்க வந்தவர். ஆனால் அவரே மேலிடத்துக்கு என்ன எழுதினார்? மக்களுக்கு அரசாங்கத்தின்மேல் ஒரு காலத்தில் பக்தி இருந்திருக்குமானால், அது இப்போது இறந்துபோய்விட்டது என்ற பொருள்பட எழுதினார். தன் பக்கத்துக்கே கசக்கிற உண்மையை எழுதினார். ஊர்வலத்தில் நடந்தவர் சொன்னால், "அவர் காங்கிரஸ்காரர், அப்படித்தான் சொல்வார்" என்று தள்ளிவிடலாம். தார்ன் சொன்னதை எப்படித் தள்ளுவீர்கள்? நடுநிலை இல்லாத மனிதரிடமிருந்தும் உண்மை வரும் நடுவர் அவர்களே. சொல்கிறவர் எந்தப் பக்கம் என்று பார்ப்பதைவிட, தன் பக்கத்துக்குப் பாதகமானதையும் சொல்கிறாரா என்று பாருங்கள்.

அடுத்துச் சொல்லப்போவது சிரிப்பதற்கு உரியது இல்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1999, ஜூலை 23. திருநெல்வேலி. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு வேண்டும். சிறையில் இருக்கிற அறுநூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை விடுதலை செய்ய வேண்டும். இதைக் கேட்டுக் கலெக்டர் அலுவலகம் நோக்கி ஓர் ஊர்வலம். புதிய தமிழகம் கட்சித் தலைவர் கிருஷ்ணசாமி முன்னின்றார். வேறு கட்சிக்காரர்களும் வந்தார்கள். கொக்கிரகுளம் பக்கம் தாமிரபரணிக் கரையில் தகராறு மூண்டது. போலீஸ் தடியடி நடத்தியது. கூட்டம் ஆற்றுப் பக்கம் ஓடியது. பதினேழு பேர் செத்தார்கள். அதில் இரண்டு பேர் பெண்கள். ஒன்று, ஒன்றரை வயதுக் குழந்தை.

இனிமேல்தான் சொல் சண்டை. அரசுத் தரப்பு சொன்னது: "கூட்டத்தினர் கல்லெறிந்தார்கள். தடியடி நடந்தது. பயந்து ஆற்றில் குதித்தவர்கள் மூழ்கி இறந்தார்கள்." ஊர்வலம் போனவர்கள் சொன்னார்கள்: "அடித்து ஆற்றுக்குள் விரட்டினார்கள். தண்ணீருக்குள் நின்றவர்களையும் விடாமல் அடித்தார்கள். இது படுகொலை." ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி மோகன் தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்றே அந்த அறிக்கை சொன்னது. ஊர்வலம் போனவர்கள் அதை ஏற்கவில்லை. ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். அறிக்கையில் இல்லாத குரல்களை அந்தப் படத்தில் கேட்கலாம்.

இங்கே நடுவில் நிற்பவர் என்ன எழுதுவார்? "ஊர்வலத்தில் ஏற்பட்ட அசம்பாவிதத்தில் பதினேழு பேர் உயிரிழந்தனர்." அசம்பாவிதம்! புயலடித்தால் அசம்பாவிதம். பஸ் கவிழ்ந்தால் அசம்பாவிதம். இதுவும் அதுவும் ஒன்றா?

அதற்காக நான் கோபத்தில் ஒரு பக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். உண்மையின் பக்கம் நிற்கிறவனுக்கு இரண்டு பக்கத்துக்கும் கேள்வி உண்டு. "மூழ்கி இறந்தார்கள்" என்கிறவர்களைக் கேட்கிறேன். இருக்கட்டும் ஐயா, நுரையீரலில் தண்ணீர் இருந்தது என்று டாக்டர் எழுதினால் அது மருத்துவ உண்மை. ஆனால் பட்டப் பகலில், பாலம் இருக்கிற ஊரில், கைக்குழந்தை உள்ள கூட்டம் எதற்காக ஆற்றில் இறங்கியது? சாவின் காரணம் தண்ணீர் என்றால், தண்ணீரில் இறங்கிய காரணம் என்ன? முதல் கேள்விக்குப் பதில் எழுதுவது பிரேதப் பரிசோதனை. இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதுவதுதான் வரலாறு. முதலாவதை மட்டும் எழுதினால் அது பொய்யில்லை, ஆனால் பாதி.

"பதினேழு பேரையும் அடித்தே கொன்றார்கள்" என்று ஒரே வரியில் எழுதுகிறவர்களையும் கேட்கிறேன். பதினேழு என்பது ஒரு சாவு இல்லை. பதினேழு சாவு. ஒவ்வொருவரும் எங்கே நின்றார், எப்படி விழுந்தார், உடம்பில் என்ன காயம், யார் பார்த்தது? தனித்தனியாக எழுதுங்கள். மொத்தமாக ஒரு சொல்லைப் போட்டு மூடாதீர்கள். அப்படி மூடினால், ஒருவர் விஷயத்தில் தவறு கண்டுபிடித்தாலே போதும், மீதிப் பதினாறு பேருக்கும் கிடைக்க வேண்டிய நியாயத்தையும் எதிராளி தட்டிவிடுவான். துல்லியம் என்பது செத்தவர்களுக்கு நாம் செய்கிற கடைசி மரியாதை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23 அன்று அந்த ஆற்றில் மலர் தூவுகிறார்கள். எண்ணி, பெயர் சொல்லி எழுதி வைத்தால் அந்த மலருக்கு இன்னும் மணம் கூடும்.

கடைசியாக, அரூரில் நின்று கொண்டு அரூரைச் சொல்லாமல் போகக்கூடாது. இங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில், சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. அங்கே நடந்தது ஊர்வலம் இல்லை. ஆனால் "இரண்டு தரப்பு" என்ற சொல் ஒரு கிராமத்தை எத்தனை காலம் காக்க வைக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தமிழ்நாட்டில் இல்லை.

1992, ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் ஊருக்குள் போனார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளுமாகச் சிறைக்குப் போனார்கள். அதிகாரிகள் தரப்பு, "கடத்தல்காரர்களைப் பிடித்தோம், வேறொன்றும் நடக்கவில்லை" என்றது. அந்த மக்களுக்காக மார்க்சிஸ்ட் கட்சியின் நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். உடனே, "இது அரசியல்" என்றார்கள். அவர் கட்சிக்காரர்தான். அதனால் அந்தப் பெண்கள் சொன்னது பொய்யாகிவிடுமா? தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1995-இல் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது.

2011, செப்டம்பர் 29. தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு இழுத்த இழுப்பில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள்! ஒருவர்கூடத் தப்பவில்லை. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் வந்தார். ஊரைப் பார்த்தார். மக்களைக் கேட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 29-இல் தண்டனையை உறுதி செய்தார்.

ஒரு நீதிபதியைவிடப் பெரிய நடுநிலையாளர் உண்டா? அவர் என்ன செய்தார்? இரண்டு பக்கமும் தலைக்குப் பாதி என்று பங்கு போட்டாரா? "ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாரா? காரில் ஏறி ஊருக்கு வந்து பார்த்தார்! பார்த்த பிறகு, ஆவணங்களைப் படித்த பிறகு, ஒரு பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

வள்ளுவர் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரமே வைத்தார் என்று சகோதரி சொன்னார். மறுக்கவில்லை. அந்த அதிகாரத்தில் வள்ளுவர் காட்டுகிற உவமை என்ன? துலாக்கோல். தராசு. அரூர்ச் சந்தைக்குப் போகிற தாய்மார்களைக் கேட்கிறேன். தட்டில் ஒன்றும் வைக்காதபோது தராசு எப்படி நிற்க வேண்டும்? சமமாக. அதுதான் நடுநிலை. ஒரு தட்டில் ஒரு கிலோவும் மறு தட்டில் கால் கிலோவும் வைத்த பிறகும் அந்தத் தராசு சமமாகவே நின்றால்? "யோவ், இது ரிப்பேர் தராசுய்யா" என்று சண்டை போடுவீர்களா, மாட்டீர்களா? (நீண்ட கைதட்டல்)

எடை போடுவதற்கு முன்னால் சாய்ந்திருந்தால் அது களவு. எடை போட்ட பிறகும் சாயாமல் நின்றால் அதுவும் களவுதான். நடுநிலை எடை போடுகிறவனின் கைக்கு வேண்டும். தட்டில் வைக்கிற சரக்கு உண்மையாக இருக்க வேண்டும். சரக்கே இல்லாத தராசை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் வேடிக்கை பார்ப்பது?

ஆகவே நடுவர் அவர்களே, நாளைக்கு நம் பிள்ளைகள் ஓர் ஊர்வலத்தைப் பற்றிப் படிக்கும்போது மூன்று கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுப்போம். எத்தனை பேர் என்று சொன்னவர் எப்படி எண்ணினார்? என்ன நடந்தது என்று சொல்கிற வார்த்தையில் செய்தவன் இருக்கிறானா, அவனை மறைத்துவிட்டார்களா? தன் பக்கத்துக்குப் பாதகமானது ஒன்றையாவது எழுதியவர் சொல்லியிருக்கிறாரா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்த எழுத்தில் நடுநிலை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பதில் இல்லையென்றால், எவ்வளவு நயமாக எழுதியிருந்தாலும் அது மான்செஸ்டர் நீலப் பலகைதான்.

வரலாறு எழுதுகிறவருக்கு முதல் தேவை உண்மையே என்று தாங்கள் தீர்ப்பு வழங்க வேண்டும். எடை போட்டுப் பார்த்து எங்கள் பக்கம் சாய்ந்தால் யாரும் தங்களைக் குறை சொல்ல மாட்டார்கள் என்று உறுதியளித்து, அடுப்பைக் குறைத்துவிட்டு வந்த தாய்மார்களுக்குக் குழம்பு அடிப்பிடிக்கும் முன் விடை கொடுத்து அமர்கிறேன்.